எட்டாம் கட்டில் மாமா

"குமுதாக்கா, நில்லுங்க! தலையப் பாருங்க, கொண்டை அவுந்து தொங்குது. ட்ரேய குடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வாங்க லா!"

சிஸ்டர் ஹாஜராவின் குரல் வார்டின் மறுகோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

என் கையில் இன்சுலின் ஊசி வைத்த தட்டு. எட்டாம் கட்டில் மாமா சட்டையை மேலே தூக்கி, வயிற்றைக் காட்டியபடி, நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தார்.

ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் ஊசி போட்டு முடித்திருப்பேன். அதற்குள் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், தரை துடைக்கும் அக்கா, எல்லோரும் என் தலையையே பார்த்தார்கள். தூடோங் முக்காட்டுக்குள் தன் முடி ஒன்றைக்கூட வெளியே காட்டாதவள், என் தலையைப் பற்றி ஊரைக் கூட்டிவிட்டாள்.

எனக்கு வயது நாற்பத்தாறு. அவளுக்கு முப்பத்தெட்டு. இந்த ஆஸ்பத்திரியில் நான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அவள் வார்டுக்குப் பொறுப்பேற்று வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து, யாருக்கு என்ன சுபாவம் என்று கேள்வித்தாள் கொடுத்து எங்களை நிறம் பிரித்தார். எனக்கு மஞ்சள். கலகலப்பு, எல்லோரும் சொந்தம். அவளுக்கு நீலம். ஒழுங்கு, கவனம், உணர்ச்சியை வெளியே காட்டாதவர். வார்டே சிரித்தது. அவள் மட்டும் தன் விடைத்தாளை இரண்டாம் தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலமாம் நீலம். கல்லின் நிறம் என்று ஒன்று இருந்தால் அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதியது. மேட்ரனிடம் கொடுக்கலாமா, வேண்டாமா என்று காலையிலிருந்து மனம் அலைந்துகொண்டிருந்தது. கழிவறைக்குப் போகிற வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன். இனி இவளோடு ஒரு நாளும் முடியாது.

கண்ணாடியில் பார்த்தேன். பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினேன்.

சிஸ்டர் ஏழாம் கட்டிலில் இருந்தாள். அந்த மாமாவிடம் குனிந்து பேர் கேட்டாள். ராமதாஸ் என்றார் அவர். கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையையும் படித்துப் பார்த்துவிட்டு, நான் கொண்டுவந்த ஊசியை அவருக்குப் போட்டாள்.

ராமதாஸ் எட்டாம் கட்டில் அல்லவா? சார்ட்டில் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் லீவு முடிந்து இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தேன். இருவரின் முகமும் எனக்குப் புதிது.

எட்டாம் கட்டிலுக்குப் போய், அங்கே படுத்திருந்தவரின் பட்டையைத் திருப்பினேன்.

மீரா சாகிப்.

காலையில் ரிப்போர்ட் சொன்னபோது கேட்ட பெயர். குடலிறக்கம், இரண்டு மணிக்கு ஆபரேஷன். சர்க்கரை நோயே இல்லாதவர். நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி. அந்த வெறும் வயிற்றில் இன்சுலின் போடத்தான் நான் குனிந்திருக்கிறேன்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பேரைக் கேள், பட்டையைப் பார், பிறகு ஊசியைத் தொடு. முதல் வருடப் பாடம். நான் கேட்பதில்லை. எனக்கு எல்லோரும் மாமா, அத்தை, அண்ணே. மாமா, ஊசி போடலாமா என்றால் எந்த மாமா வேண்டாம் என்பார்? சொந்தக்காரரிடம் போய் யாராவது பேர் கேட்பார்களா?

சிஸ்டர் வந்து, தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் ஃபாரத்தை நீட்டினாள். இப்போது அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நடந்தத அப்படியே எழுதுங்கக்கா. ஜன்னலோரம் படுத்து ஃபெர்ரி கப்பல் பார்க்கணும்னு ராமதாஸ் மாமா கேட்டு, காலைல ரெண்டு பேரும் கட்டில் மாத்திக்கிட்டாங்க. நான் பார்த்தேன், உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். அதையும் எழுதுங்க, நானும் சைன் பண்றேன்."

சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஆள் மாறிப்போச்சு என்று அவள் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் இந்த வார்டில் ஒருவரும் இனி என்னிடம் கையை நீட்டியிருக்க மாட்டார்கள். நானே என் கையை நம்பியிருக்க மாட்டேன். அந்த இரண்டு நம்பிக்கையையும் எனக்கு மிச்சம் வைத்திருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது. கையுறை எங்கே என்று அதற்கும் திட்டுவாள்.

மாற்றல் கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ரிப்போர்ட்டின் முதல் வரியை எழுதிப் பார்த்தேன். 'நான் பெயரைக் கேட்கவில்லை.'

மீரா சாகிப் மாமா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பதான் பிள்ள கொண்டை அழகா இருக்கு. சிஸ்டர் சொன்னா கேட்டுக்கணும்."

சரி மாமா என்று தலையாட்டினேன்.

நான் கொண்டையைத் தொடவே இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது ஒரு முடிகூடக் கலைந்திருக்கவில்லை.