இருப்பதிலேயே மெதுவானது

“இருக்குறதுலயே மெதுவா ஏறுறது எதுவோ, அதைப் போடுங்க” என்றார் மாமனார்.

சுவரில் துளை போடக் குறி வைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் கையை இறக்கினார். வீட்டில் கார் சார்ஜ் போட வசதி வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் எது வேகம் என்றுதான் கேட்பார்கள். இந்தச் சின்னப் பெட்டியில் கார் முழுசாக ஏற ராத்திரி முழுக்க ஆகும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“ஆகட்டும்” என்றார் மாமனார்.

ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் என்பது ஊரறிந்த சங்கதிதான். அந்தக் கஞ்சத்தனத்தை மாப்பிள்ளை விஷயத்திலுமா காட்ட வேண்டும்?

இந்த வீட்டில் கார் கிடையாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர் மாப்பிள்ளை. அதை அவர் வாங்கிய நாளிலிருந்து மகள் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அந்த ஒரு ராத்திரிக்காக மாமியார் ஏங்கிப் போயிருந்தாள்.

வருவார்கள், சாப்பிடுவார்கள். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார்ஜ் கம்மியா இருக்கு அத்தை. இருட்டுறதுக்குள்ள போய் எங்கயாவது ஏத்தணும்” என்பார்.

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போதே மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, தோளில் பையுமாக வாசலில் நிற்பாள். தாமதமானால் புருஷன் வழியெல்லாம் கடுகடுப்பாரோ என்னவோ, பாவம் என்று மாமியார் அவளைப் பார்த்துப் பார்த்து உருகுவாள்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுகிற மாப்பிள்ளையை மடக்க அவளே கண்டுபிடித்த வழிதான் இந்தச் சார்ஜர். வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால், அப்புறம் என்ன சாக்குச் சொல்வார் என்று பார்த்துவிடலாம்.

மாமனார் மறுக்காததே அதிசயம். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், யாரிடமோ வெகுநேரம் குசுகுசுவென்று பேசிவிட்டு, சரி என்று இறங்கி வந்தார். எங்கே மலிவு என்று நாலு இடத்தில் விசாரித்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விசாரித்த லட்சணம் இப்போது தெரிந்தது. “ஏங்க, மாப்பிள்ளை இதைப் பார்த்தா என்ன நினைப்பாரு? அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டாரு. என் பொண்ணையும் அனுப்ப மாட்டாரு” என்றாள்.

மாமனார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, எர்த் கொடுத்து, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த விடுமுறைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாமனார் வீட்டுச் சார்ஜர் இருக்கும் தைரியத்தில் வழியில் எங்கும் ஏற்றாமல் வந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். கார் கிட்டத்தட்டக் காலி. ஒயரைச் சொருகிவிட்டுப் போனைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“நாளைக்குக் காலையிலதான் முடியுமாம்.”

மகள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “என்னப்பா இது, சொட்டு சொட்டா ஏறுது? நாங்க எப்படிக் கிளம்புறது?” என்று தகப்பனாரைப் பிடித்துக்கொண்டாள். வேறு எங்காவது போய் ஏற்ற முடியாதா என்று கணவரைத் துளைத்தெடுத்தாள். அவ்வளவு தூரம் போகவே வண்டியில் சார்ஜ் இல்லை என்றார் அவர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அவர் கேட்க வேண்டியதையெல்லாம் அவருக்குப் பயந்து இவள் கேட்கிறாளே என்று மாமியாருக்குப் பொறுக்கவில்லை. தன்னைக் கட்டினவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கார் ராத்திரி முழுக்க ஏறினால், ஆட்களும் ராத்திரி முழுக்க இங்கேதானே இருந்தாக வேண்டும்?

அடப் பாவி மனுஷா. இது கஞ்சத்தனமே இல்லை, மாப்பிள்ளைக்கு வைத்த பொறி. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் இந்த ஆளுக்குள் இவ்வளவு கள்ளத்தனம் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்றைக்கு மகள் தன் பக்கத்தில் படுத்துத் தூங்கப்போகிறாள்.

அந்தச் சந்தோஷத்தில் மாப்பிள்ளை மேல்கூடக் கொஞ்சம் இரக்கம் பிறந்தது. மகள் உள்ளே பையைத் திறக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசமாக மாட்டிக்கொண்ட மனிதருக்கு ஒரு வாய் காபியாவது கொடுப்போம் என்று மாமியார் டம்ளரை எடுத்துக்கொண்டு கார் நிற்கும் பக்கம் போனாள்.

மாமனாருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிச் சாய்ந்திருந்தார் மாப்பிள்ளை. சற்று முன் தலையைத் தொங்கப்போட்டிருந்த ஆளா இவர் என்றிருந்தது. மாமியார் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

“ஒவ்வொரு தடவையும் அவ கண்ணைக் காட்டுவா, நான் சார்ஜ் இல்லைன்னு பொய் சொல்லணும். எனக்கு மட்டும் அத்தை சமையலை நிதானமா உக்காந்து சாப்பிட ஆசை இருக்காதா?” என்றவர், உள்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் பெட்டி நான் போடச் சொன்னதுன்னு மட்டும் உங்க பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் மாமா.”