போர்டில் இருப்பது

விடுதி வார்டன் செல்வராணி, ஒன்பது வயதில் தனக்கு உயிராக இருந்த ஒரு ஹாஸ்டல் கதைப் புத்தகத்தை முப்பது வருடம் கழித்து மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிரே பிள்ளைகள் தரையில் குனிந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அறுபது கடிதங்களையும் அவள் படித்துப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். நினைக்கும்போதே கண் எரிந்தது. கதையிலும் ஒரு கடிதம் வந்தது. 'நான் இங்கு நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. வார்டன் அம்மா எங்களிடம் அன்பாக இருக்கிறார்.' அதை நம்பித்தான் அன்று அப்பாவிடம் அழுது அடம்பிடித்து அவள் விடுதியில் சேர்ந்தாள். நிமிர்ந்தாள். கரும்பலகையில் அதே மூன்று வரிகள், அவள் கையெழுத்தில். வாராவாரம் அவள்தான் எழுதிப்போடுகிறாள். எங்கிருந்து வந்த வரிகள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புதிதாகச் சேர்ந்த அமலி தன் இன்லண்ட் கடிதத்தை நீட்டினாள். மூன்று வரியிலும் ஒரு பிழை இல்லை. செல்வராணி பசைப் புட்டியைத் திறந்தாள்.

"மிஸ், ஒட்டாதீங்க. போர்டுல இருக்கறத எழுதிட்டேன். இனி என் லெட்டர எழுதட்டா?"

செல்வராணி இன்லண்டைத் திருப்பிப் பார்த்தாள். நிறைய இடம் இருந்தது.