வீடு பார்க்க வந்தவள்

கதவைத் திறந்த பெண்ணின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீடு பாக்க வந்தேன்," என்றாள் அவள்.

எந்த வீடு என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் கதவிலிருந்த எண்ணைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

மாடி மாறி வந்திருப்பீர்கள், இந்தத் துபாயில் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று அந்தப் பெண்ணே சமாதானம் சொன்னாள். அப்புறம்தான் வந்தவளின் வயிற்றைக் கவனித்தாள். வெளியே ஆகஸ்ட் வெயில். உள்ளே வந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

சோபாவில் ஒரு சிறுமி காய்ச்சலோடு தூங்கினாள். நெற்றியில் ஈரத்துணி.

பெயர் ஜெசிந்தா, ஊர் தூத்துக்குடி என்றாள் அந்தப் பெண். எத்தனை மாதம் என்று கேட்டாள்.

ஏழு.

கேட்காததையும் அவள் சொல்லிவிட்டாள். இன்னொரு குடும்பத்தின் வீட்டில், ஓர் அறையில் இருக்கிறார்கள். குழந்தை வருவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கணவனுக்கு லீவு கிடைக்காது. அவள்தான் டாக்சிக்குக் கொடுக்க மனம் வராமல் பஸ்ஸில் அலைகிறாள். பார்த்த வீடெல்லாம் சம்பளத்தை அப்படியே கேட்டன. இந்த ஒன்றுதான் கட்டுப்படியாகிறது.

"எது, காட்டுங்க. எங்க பில்டிங்னா எனக்குத் தெரியும்."

அவள் கைபேசியை நீட்டினாள்.

படத்தில் ஒரு கூடம். ஓரத்தில் துணி காயப்போடும் கம்பி. அதில் ஒரு மஞ்சள் பாவாடை.

"இது எங்க ஹாலு," என்று சிரித்தாள் ஜெசிந்தா.

சிரிப்பு முகத்திலேயே நின்றது. கண் மட்டும் கீழே இறங்கியது. படத்துக்கு அடியில் இருந்ததைப் படித்தாள்.

குடும்பம் இந்த மாதத்தோடு ஊருக்குப் போகிறது. நான் வேறு இடத்தில் தங்கிக்கொள்வேன். கட்டில், பீரோ வேண்டுமென்றால் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அருள்ராஜ்.

"இது எங்க வீட்டுக்காரர் பேரு. நம்பரும் அவங்களுதுதான்," என்றாள்.

ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த அம்மாவுக்குத் தெரியாதா? மறந்திருப்பாளா? இதை யாராவது மறப்பார்களா? மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. எதற்கென்று தெரியவில்லை.

தப்பாக இருக்கும், நான் கிளம்புகிறேன் என்றாள்.

ஜெசிந்தா சோபாவுக்குப் போனாள். சிறுமியின் நெற்றித் துணியை எடுத்தாள். நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி போட்டாள். துணி இன்னும் சொட்டியது.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்ட அவள் வாங்கி வைத்திருந்த டப் அங்கே தாராளமாகக் கொள்ளும்.

அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காக அவள் தலை குனிந்துகொண்டாள்.

"வாங்க," என்றாள் ஜெசிந்தா. "உள்ள நீங்க பாக்கலியே."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னாலேயே போனாள்.

சமையலறை அலமாரிகளை ஜெசிந்தா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். கோடையில் குழாயில் சுடுதண்ணீர்தான் வரும், முதல் நாளே வாளியில் பிடித்து வைக்க வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டு மலையாளி அம்மா நல்ல மாதிரி, ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடலாம் என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிக்கல் ஒன்று மூலையில் கிடந்தது. அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

படுக்கையறையில் ஒரே ஒரு ஜன்னல். எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். ஜெசிந்தா கட்டிலைச் சுற்றிப் போய் உள்பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"தொட்டிலை இந்தப் பக்கம் போடுங்க. அந்தப் பக்கச் சுவரு சாயங்காலம் வரைக்கும் கொதிக்கும்."

அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினோம் என்று வெளியே வந்த பிறகும் புரியவில்லை.

வாசல்வரை வந்த ஜெசிந்தா கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒருவன். தேய்த்த முழுக்கைச் சட்டை, முதுகோடு ஒட்டியிருந்தது. ஷூ முழுக்க மணல், கக்கத்தில் ஒரு பயோடேட்டா ஃபைல். பகலெல்லாம் வெயிலில் நடந்தவன்போல முகம் கறுத்திருந்தது.

அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"வீட்டுக்காக மெசேஜ் பண்ணது நீங்கதானே? நான் அருள்ராஜ். அஞ்சு மணிக்குன்னுதான சொன்னேன், அதுக்குள்ள வந்துட்டீங்க."

அவள் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள்.

மகளை டிராயிங் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு மனைவி போயிருப்பாள் என்றான். பாக்கெட்டில் சாவியைத் தேடினான்.

"வாங்க, நிதானமா பாக்கலாம். வீட்ல யாரும் இல்ல."

லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"நீங்க முதல்ல வீட்டுக்குள்ள போங்க," என்றாள்.