வாலால் வரைந்த அலை

ஒரு பெரிய கருந்துளையும், அதில் எட்டில் ஒரு பங்கே கனமுள்ள ஒரு சின்னக் கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் சில சுற்றில் மோதி ஒன்றாகிவிடும். அப்போது கிளம்பப்போகும் ஈர்ப்பு அலையை முன்கூட்டியே வரைந்து காட்ட ஒரு வால்நட்சத்திரம் வந்தது. வாலை வீசி வழுவழுவென்று ஒரு கோடு போட்டது.

சின்னதுக்குத் தலை கிறுகிறுத்தது. உள்ளே பயமும் இருந்தது.

"இதுல நான் எங்கேக்கா? மோதினப்புறம் என்னைக் காணமுடியாது. அலையில இருந்தாத்தான் நானும் இருந்தேன்னு தெரியும்."

"நான் இதுவரைக்கும் வரைஞ்சதெல்லாம் சரிசமக் கனமுள்ள ஜோடிங்க. எல்லாருக்கும் இதே கோடுதான்" என்றது வால்நட்சத்திரம்.

"நல்லாத்தானே இருக்கு" என்றது பெரியது. "நீ கொசுறு. கொசுறுக்கெல்லாம் யாரு கோடு போடுவா? நான் அசையாம நிக்கறேன். நீ வாயை மூடிட்டுச் சுத்துடா."

சின்னது வாயை மூடவில்லை. விர்ரென்று வேகமெடுத்து, பயத்தையெல்லாம் மறந்து, கெக்கலி கொட்டிச் சிரித்தபடியே பெரியதுக்குள் போய் விழுந்தது.

அலை கிளம்பியது. அதன் முதுகு முழுக்கச் சின்னதின் சிரிப்பு போலப் பொடிப்பொடியாக நடுக்கம். வால்நட்சத்திரம் பதறிப்போய்த் தன் கோட்டை அழித்து அழித்துத் திருத்தியது. அதோடு முடியவில்லை. ஜோடி சரிசமமாக இல்லாததால் அலை ஒரு பக்கமாகவே அதிகம் பாய, ஒன்றாகிப்போன கருந்துளை எதிர்ப்பக்கம் எகிறி, விண்மீன்களுக்கு நடுவே தறிகெட்டு ஓடியது.

"டேய், யாருடா தள்ளினது?" என்று அலறியது பெரியது.

வயிற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நாந்தாண்ணே. கெட்டியாப் பிடிச்சுக்குங்க, இது இப்போதைக்கு நிக்காது."