அறை வைத்த பேனைப்பெட்டி

மாங்குளம் கடையில் சுதர்சினி இன்னொரு பேனைப்பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“தனித்தனி அறை வேணும் அண்ணை. பேனையள் கலக்கக்கூடாது.”

“பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதினையோ?” என்றார் கடைக்கார வீரகத்தி.

“எனக்குப் பிள்ளையே இல்லை. இதெல்லாம் உதவி நிறுவனங்கள் கூட்டத்திலை தந்த, தங்கடை பேர் போட்ட பேனையள். கையெழுத்து வைக்கேக்கை தங்கடை பேனையோ எண்டு பாப்பினம். போன கிழமை கோழி குடுக்கிற கூட்டத்துக்கு, ஆடு தந்தவையின்ரை பேனையைக் கொண்டுபோனனான். உங்களுக்குத்தான் ஆடு கிடைச்சிட்டுதே எண்டு பேரை வெட்டிப்போட்டினம்!”

வீரகத்தி விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே போய், அறை வைத்த கடைசிப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தார்.

“இதுதான் அண்ணை!” அவள் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. மேசை லாச்சியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஆறேழு நிறுவனங்களின் பேனைகள் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. அன்று பின்னேரம் அவரும் கடைக்கூரைக்கு உதவி கேட்டு ஒரு நிறுவனத்தின் கூட்டத்துக்குப் போகவேண்டும்.

“தங்கச்சி, இது விக்கிறதுக்கில்லை.”