மரமீனின் வயிறு

பக்கவாதத்துக்குப் பிறகு சிலுவைதாசன் மெல்லிய தூண்டில்கம்புக்கு மாறினார். நெய்மீனை ஏமாற்றிப் பிடிக்க, தூண்டில் நுனியில் இரையாகக் கட்டவென்று அவரே செதுக்கிய பழைய மரமீனை மட்டும் விடவில்லை. அந்தக் கம்புக்கும் தளர்ந்த கைக்கும் அது பெருங்கனம். மனைவி கொரற்றி அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, அதன் வயிற்றில் கனத்துக்காக வார்த்திருந்த ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள்; குழியில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, மேலே வெள்ளைச் சாயம் பூசினாள்.

பாறையில் நின்று வீசும்போதெல்லாம் அவர் சொல்வார், "பாத்தியாட்டி, கை திரும்பி வருது."

"ஆமா, நல்ல தூரம் போவுது," என்பாள்.

இன்று அவர் வீசவில்லை. மரமீனை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் கனம் பார்த்தார். பிறகு, கடலைப் பார்த்தபடியே அவளிடம் நீட்டினார்.

"ஈயம் தீந்துபோச்சு கொரற்றி. இனி மரத்தச் செதுக்கு."