காடிக்கு வேற மூஞ்சி

"பார்த்தா இதே காடிதான்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது தம்பி. மூஞ்சியே மாறணும்."

தங்கராஜு அங்கிள் இப்படிச் சொன்னதும் தம்போயில் இருந்த கார் பட்டறையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பழைய சத்ரியா கார் வைத்திருக்கும் ஏழு இளைஞர்களுக்கு நடுவில், நரைத்த தலையும் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியுமாக அவர் ஒருவர்தான் பெரியவர்.

"என்ன அங்கிள், பேங்க் கொள்ளையடிக்கப் போறீங்களா?" என்றான் நவ்சாத்.

"அங்கிளுக்கு இப்பதான் ரேஸ் ஆசை வந்துருக்கு லா. விடுடா" என்றான் மனோகரன்.

குணாளன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கூட்டாகக் காசு போட்டு, காருக்கு வெளியே மாட்டும் பாடி கிட் செய்யலாம் என்ற யோசனையே அவனுடையது. எட்டு செட் ஆர்டர் இல்லாமல் அச்சு எடுக்க மாட்டோம் என்று பட்டறையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த எட்டாவது ஆள் அங்கிள்தான்.

மற்ற ஏழு பேருக்கும் காரின் முன்பக்கம் அப்படியே இருக்க வேண்டும். பம்பருக்குக் கீழே லிப் என்று ஒரு பட்டை, பக்கவாட்டில் ஸ்கர்ட் என்று ஒரு பட்டை, அவ்வளவு போதும். அங்கிளுக்கோ பம்பர், கிரில், லைட்டைச் சுற்றி இருப்பது எல்லாமே வேறு மாதிரி வேண்டும்.

"அவ்ளோ புடிக்கலேன்னா வித்துருங்க அங்கிள்" என்றான் நவ்சாத்.

"விக்க முடியாதுப்பா. முன்பக்கத்த மாத்தித் தர்றதா இருந்தா நான் இருக்கேன். இல்லேன்னா என்னைய விட்டுருங்க."

"பொறுங்க அங்கிள். நான் பசங்ககிட்ட பேசிப் பாக்குறேன்" என்றான் குணாளன்.

அவர் கிளம்பும்போது நவ்சாத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். டிரைவர் சீட் ரொம்பப் பின்னால் தள்ளிக் கிடந்தது. முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, காலை எட்டி எட்டி கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், சீட்டுக்குக் கீழ ஒரு கம்பி இருக்கு. இழுத்தா சீட்டு முன்னால வரும்."

"தெரியும்பா. அது அப்படியே இருக்கட்டும்."

கார் போனதும் மனோகரன் குணாளனின் காதோரம் வந்தான். "டேய், சொந்தக் காடி ஓட்டுற மாதிரியே இல்லடா."

அந்த வார்த்தை குணாளனை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கிளுக்கு மட்டும் முன்பக்கம் தனியாகச் செய்ய மற்றவர்கள் ஒத்துக்கொண்டதும், ஞாயிற்றுக்கிழமை அளவு எடுக்க அவர் ஊரான பொந்தியானுக்குப் போனான். அங்கிள் வரச் சொன்ன இடம் அவர் வீடு இல்லை. அவர் வீடு இருந்த தாமான் குடியிருப்பின் கோடியில், மூடிக் கிடந்த கடைகளுக்குப் பின்னால் கார் நின்றது. மேலே உறை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்.

"வீட்டுல எடம் இல்லையா அங்கிள்?"

"இருக்கு. இங்க போட்டுட்டு நடந்து போயிருவேன்."

"மழ பெஞ்சா?"

"நனைஞ்சுக்குவேன்."

 குணாளன் அளவு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"அங்கிள், நேராவே கேக்குறேன். யாரையாச்சும் இடிச்சிட்டு வந்தீங்களா? இல்ல, இது களவு காடியா? நாளைக்குப் போலீஸ் வந்தா, ஆர்டர் போட்ட என்னையத்தான் மொதல்ல புடிப்பாங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்ல தம்பி. சாமி சத்தியமா இல்ல."

"அப்போ உங்க வீட்டு வாசல் வரைக்கும் இதுலயே ஓட்டிட்டு வாங்க. நானும் கூட வர்றேன். ஒளிச்சு வெக்க ஒண்ணும் இல்லேன்னா என்ன பயம்?"

"வேணாம்பா. சொன்னாக் கேளு."

"அப்போ உங்களுக்கு செட்டு இல்ல அங்கிள். ஆர்டரே போனாலும் பரவால்ல."

 அங்கிள் கயிற்றை அவிழ்த்து உறையை உருவினார். அதை மடித்துப் பின் சீட்டில் போட்டார்.

வீட்டுத் தெருவில் திரும்பியதுமே வேகத்தைக் குறைத்தார். வாசலில் கார் இன்னும் முழுசாக நிற்கவில்லை. முன் ஜன்னலின் திரை விலகியது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

அவர் மனைவி ராசம்மா செருப்பு இல்லாமல் ஓடி வந்தார். கையெல்லாம் மாவு. முகம் முழுக்கச் சிரிப்பு. "சுகூ!" என்று கூப்பிட்டுக்கொண்டே இரும்புக் கேட்டை அகலத் திறந்தார்.

குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நீங்களா..." என்றார். பக்கத்தில் இருந்த குணாளனை அப்போதுதான் கவனித்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க தம்பி. உள்ள வாங்க. தேத்தண்ணி கலக்குறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

அங்கிள் இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

"சுகு யாரு அங்கிள்?" என்றான் குணாளன்.

"என் மவன். இது அவன் காடி. இந்த சீட்டு அவன் தள்ளி வெச்சது." ஸ்டீயரிங்கைத் தடவினார். "அன்னிக்கு ரோட்டுல ஜாம்னு சொல்லி, காடிய விட்டுட்டு, சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிள்ல போனான். வழியில ஆக்சிடெண்டு. தைப்பூசம் முடிஞ்ச வாரம் எரிச்சோம்பா."

குணாளன் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தான். "ஆண்ட்டிகிட்ட... இன்னும் சொல்லலையா?"

"சாம்பல கரைக்க அவளும்தான் படகுல வந்தா. அவளுக்குத் தெரியும் தம்பி... அவ காலுக்குத்தான் இன்னும் தெரியல."